எனக்கு வேணாம், வச்சிக்குங்க

"ஏம்மா, காந்தம் இருக்குதா?"

பக்கத்து மண்டி அண்ணன் என் தையல் கடை வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டால், அவர் கடையில் யாரோ பழைய காசைத் துணியில் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காந்தம் என்னுடையது. தரையில் சிதறும் குண்டூசிகளைப் பொறுக்குவதற்காக ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்து வைத்திருந்தேன். அவரால் சொந்தமாக ஒன்று வாங்க முடியாதா என்ன? செஞ்சி பஜாரில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) மண்டி வைத்து நடத்துகிறவருக்கு ஒரு காந்தம் பெரிய விஷயமா? ஆனாலும் என்னிடம்தான் வருவார். திருப்பித் தரும்போது அதில் ஒட்டியிருந்த என் ஊசிகளையும் அப்படியே பத்திரமாகக் கொண்டுவந்து தருவார்.

"இன்னாச்சிண்ணா?" என்று கேட்பேன்.

"எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

அந்தக் காசு கள்ளக்காசு என்பதற்கு அவரிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். கள்ளம், போலி, டூப்ளிகேட் என்று ஊரே சொல்கிற எந்தச் சொல்லும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கொண்டுவந்தவர் கையிலேயே காசைத் திருப்பி வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, "எனக்கு வேணாம், நீங்க பத்திரமா வச்சிக்குங்க" என்பார். சொல்லும் விதத்தில் ஒரு மரியாதை இருக்கும். வந்தவர் ஏதோ பெரிய பொருளை விற்காமல் தப்பித்துக்கொண்ட சந்தோஷத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவார்.

மண்டியிலும் இதே கதைதான். விவசாயி கொண்டுவந்து இறக்கிய மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். நாலைந்தை உடைத்துப் பார்ப்பார். சொத்தையாக இருந்தால் சொத்தை என்று சொல்லமாட்டார். "இந்த வாரம் எனக்கு வேணாம்பா, வேற மண்டில பாத்துக்கோ" என்பார். இத்தனைக்கும் எங்கள் பக்கம் மண்டிக்காரர்கள் பேச்சு அப்படி இருக்காது. விவசாயியை வைத்துக்கொண்டே அவன் மல்லாட்டையை நாலு பேர் முன்னால் ஏசுவார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கையை உதறுவார்கள். விலை இறங்கியதும் அதே கையால் வாங்கிப் போடுவார்கள். மண்டிக்காரர் வேண்டாம் என்றால் விலையை இறக்கப் பார்க்கிறார் என்பது செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் ஒருத்தர்தான் வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம் என்கிற ஆள். அது எங்களைப்போல் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆள் நல்ல உயரம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன் மேல் எப்போதும் ஒரு பூச்சு செம்மண் தூசி. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இடது கட்டை விரல் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். முதலில் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு அதுதான் அவருடைய முக்கியமான கருவி என்று தெரிந்துகொண்டேன்.

காசு பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. காந்தம் ஒட்டினால் அத்தோடு கதை முடிந்தது. ஒட்டாவிட்டால்தான் வேலையே ஆரம்பம். நகைக்கடைத் தராசு ஒன்று வைத்திருந்தார், அதில் எடை பார்ப்பார். பிறகு காசின் விளிம்பைச் சுற்றி அந்த நகத்தை மெல்ல ஓட்டுவார். அச்சில் உருக்கி ஊற்றின காசாக இருந்தால் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு தடம் இருக்குமாம். அரத்தால் ராவி எடுத்திருந்தாலும் கண்ணுக்குத்தான் தெரியாது, நகம் கண்டுபிடித்துவிடும் என்பார். கடைசியில் லென்ஸை எடுப்பார். தோசையில் விழுகிற மாதிரி குட்டிக் குட்டி ஓட்டைகள் தெரிந்தால் அது ஊற்றினதுதான். இதெல்லாம் வெயிலில் வைத்து மட்டும். மழை மூட்டமாக இருந்தால் யார் வந்தாலும் "நாளைக்கி வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

"கரெண்ட் லைட்ல பாத்தா எல்லாக் காசும் நல்ல காசா தாம்மா தெரியும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "அதும் வெல கேக்கறதுக்கு முன்னாடியே பாத்துடணும். வெல கேட்டுட்டா ஆச வந்துடும். அப்பறம் கண்ணு ஆசைக்கு ஏத்த மாரி தான் பாக்கும்."

கோட்டையில் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் காந்தத்துக்குக்கூட வேலை வைக்கமாட்டார். "அவன் சொல்றது பொய்யின்னா காசு எனக்கு வேணாம். நெசம்னா அது கவர்மெண்ட்டு சொத்து, அப்பவும் எனக்கு வேணாம்" என்பார். மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் கோட்டையில் புதையல் இல்லை என்று சொன்னால் கோபம் வரும். அதனால் இதையும் என்னிடம் மட்டும்தான் சொல்வார்.

டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்த சமயத்தில் மண்டி வாசலில் ஒரே கூட்டம். எல்லோருக்கும் அதே பதில்தான், அதே மரியாதைதான். ஒரு நாள் ஒரு அம்மா மஞ்சள் துணியில் சுற்றி ஒரு செம்புக் காசைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் இங்கிலீஷ்காரன் கம்பெனிப் பெயர். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்துக் கும்பிடுகிற காசு. இவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்கு வேணாம்மா, சாமி ரூம்லயே இருக்கட்டும்" என்று கொடுத்தார்.

அந்த அம்மா போனதும் நான் வம்புக்கு இழுத்தேன். "கம்பெனிக்காரன் இன்னாத்துக்குண்ணா ராமர் படம் போடப் போறான்? கள்ளம் தானே அது?"

"அது சாமிம்மா. சாமிக்கு இன்னா அச்சு பாத்துகினு இருக்கறது?" என்று சிரித்தார்.

அவர் பிறவியிலேயே அப்படி இல்லை. இளவட்டமாக இருந்தபோது காசு பார்க்கக் கற்றுக்கொண்ட தெம்பில் நன்றாகவே வாய் விட்டிருக்கிறார். தொண்டூரிலிருந்து ஒருவன் வந்தானாம். கல்யாணத்தில் மாமியார் வீட்டில் போட்ட வெள்ளிக் காசு என்று காட்டியிருக்கிறான். இவர் மண்டியில் ஆட்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கள்ளக்காசு, தூக்கிப் போடு" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அவனும்தான். சில நாள் கழித்து அவன் பெண்டாட்டி தனியாக பஸ் ஏறி வந்து மண்டி வாசலில் நின்றாளாம். உள்ளே வரவில்லை. "எங்கம்மா எனக்கு கள்ளத்தயா குடுத்து அனுப்புச்சி?" என்று கேட்டாளாம். அம்மா செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டதாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? நின்னுகினே இருந்தா. அப்பறம் போயிட்டா." கையிலிருந்த மல்லாட்டைத் தோலை ஊதிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த "எனக்கு வேணாம்" வந்திருக்க வேண்டும். ஒரு பெண் வாசலில் வந்து நின்றதற்காக ஒரு மனுஷன் ஒரு சொல்லையே ஆயுசுக்கும் விட்டுவிடுவானா என்று நீங்கள் கேட்கலாம். அவரைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள்.

நல்ல காசு என்று தெரிந்து வாங்கியவை அவரிடம் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. செம்பு, வெள்ளி, பொட்டு அளவில் ஒன்றிரண்டு தங்கம். காசும் காசும் உரசக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சின்னச் சுருக்குப் பை. பை தைத்தது நான். ஜாக்கெட் லைனிங் வெட்டி மிஞ்சுகிற துணியில் கலர் கலராகத் தைத்துத் தருவேன். "இந்த ஆரஞ்சு யாரு வீட்டு ஜாக்கெட்டு?" என்று கேட்டு ரசிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நைனா சீக்கிரம் போய்விட்டார், தங்கச்சியைக் கரையேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்றிருந்திருக்கிறார். அப்புறம் வயசு போய்விட்டது. ஆக மண்டி, மரப்பெட்டி, அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த தங்கை. அவருக்கு இருந்ததெல்லாம் இவ்வளவுதான்.

தங்கை என்றால் உயிர். ஒவ்வொரு பொங்கலுக்கும் வரிசை எடுத்துக்கொண்டு அவரே போவார். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, புடவை. புடவைக்கு ஜாக்கெட் நான்தான் தைப்பேன். தங்கச்சியின் அளவு ஜாக்கெட் என் கடையிலேயே இருந்தது. துணியை என் மேஜையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் லூசா வைம்மா, போன வாட்டி கை புடிக்குதுன்னா" என்பார். தங்கை வீட்டுக்காரரை மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று தலையில் வைத்துக் கூத்தாடுவார். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் இவர் நிற்பார். அந்த மாப்பிள்ளை நெல், உரம், மாடு என்று எதையெதையோ வாங்கி விற்றுப் பார்த்து எதிலும் ஒட்டாத ஆசாமி. பேச்சு மட்டும் கொடி கட்டிப் பறக்கும்.

அந்த மாப்பிள்ளை ஒரு நாள் காலையில் பைக்கை மண்டி வாசலில் நிறுத்தினார். சற்று நேரத்தில் அண்ணன் என்னிடம் வந்து காந்தம் கேட்டார். ஆனால் வாங்கிக்கொண்டு மண்டிக்குத் திரும்பவில்லை. என் கடை வாசல் வெயிலில் நின்றபடியே இரண்டு வெள்ளிக் காசுகளைப் பார்த்தார். காந்தம் ஒட்டவில்லை. நகத்தை ஓட்டினார். லென்ஸை வைத்தார். முகம் சுண்டிப்போனது.

"இன்னாண்ணா?"

இரண்டு காசுகளையும் என் கட்டிங் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் பதிந்திருந்த உருவத்தின் தோளுக்கு மேலே, விளிம்பை ஒட்டி, ஒரு சின்ன வெட்டு. எலி கடித்த மாதிரி.

"நீ ஒரே அளவுல ரெண்டு ஜாக்கெட் தைக்கற. ரெண்டுலயும் ஒரே எடத்துல நூல் அறுந்து போவுமா?"

"எப்டிண்ணா போவும்?"

"இது அந்தக் காலத்துல ஒவ்வொண்ணா வச்சி சுத்தியல்ல அடிச்ச காசு. ரெண்டு காசு ஒரே மாரி இருக்காது. அடிபட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல தான் அடிபடும்." அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அடிபட்ட ஒரு காசை வைத்து அச்சு எடுத்து, அதில் வெள்ளியை ஊற்றி ஊற்றி எடுத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். தொண்டூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது ஒரு குடம் நிறைய கோட்டை ராஜா காலத்துக் காசு கிடைத்திருக்கிறது என்று யாரோ மாப்பிள்ளையின் காதில் ஓதியிருக்கிறான். ஆசாரியிடம் உரசிப் பார்த்தாகிவிட்டது, வெள்ளிதான். மொத்தக் குடத்தையும் வாங்கி ஒவ்வொன்றாக விற்றால் ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்கு முன்னால் மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

"போயி சொல்லிடுங்கண்ணா" என்றேன். "எப்பவும் சொல்ற மாரி சொல்லாதீங்க. ஒடச்சி சொல்லுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

"எனக்கு வேணாம் மாப்ள."

"உங்களுக்கு வேணாம்னா வுடுங்க மச்சான். நான் வாங்கலாமா?"

மல்லாட்டை ஒன்று உடைகிற சத்தம் கேட்டது.

"மண்ணுல கெடச்சதுன்னா கவர்மெண்ட்டுக்கு போவணும் மாப்ள. இன்னாத்துக்கு நமக்கு வம்பு? வுட்டுடுங்களேன்."

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மண்டிக்காரர் வேண்டாம் என்கிறார், போதாததற்குப் பயமுறுத்தியும் பார்க்கிறார். அப்படியென்றால் சரக்கு அசல்தான், மச்சானுக்கே நாக்கு ஊறுகிறது. வேறு என்னவென்று அவர் நினைத்திருப்பார்? ஊர்ப் பழக்கம் அதுதானே.

"எங்க வீட்டுக்காரரா இருந்தா நானே வந்து நாலு பேர் எதுர்ல சொல்லியிருப்பேன்" என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். அவர் காந்தத்தை மேஜையில் வைத்துவிட்டு, "மாப்ள மூஞ்சிக்கு நேரா எப்டிம்மா சொல்றது, நீ ஏமாந்த ஆளுன்னு? அவ அந்த மூஞ்சியோட தானே குடித்தனம் பண்ணணும்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை குடத்தை வாங்கிவிட்டார். தங்கையின் நகை மொத்தமும் அடமானத்துக்குப் போனது. கல்யாணத்துக்கு அண்ணன் போட்ட ரெட்டைவடச் சங்கிலியும் அதில் சேர்த்தி. விற்கப் போன இடங்களிலெல்லாம், காசு தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு ஒவ்வொரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். நகை ஏலத்துக்கு வருகிறது என்று நோட்டீஸ் வந்துவிட்டதாக அவலூர்பேட்டையிலிருந்து மல்லாட்டை கொண்டுவந்த ஒருவர் சொன்னார். அண்ணன் அன்றைக்கு மதியம் சாப்பிடப் போகவில்லை.

பிறகு ஒரு நாள் என் மேஜைமேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை வைத்தார். உள்ளே நான் தைத்த சுருக்குப் பைகள். சிவப்பு, பச்சை, அந்த ஆரஞ்சு, எல்லாம் காலி.

"இனிமே வேணாம்மா. நீயே வச்சிக்கோ."

"எல்லாத்தயும் வித்துட்டீங்களா?"

"பெருசா ஒரே ஒரு பை தச்சி குடு. நல்ல கெட்டித் துணியா" என்றார். நீலக் காடாவில் தைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. புதுச்சேரியிலிருந்து அவருடைய காசு நண்பர் ஒருவர் காரில் வந்து அவலூர்பேட்டைக்குப் போனார் என்றும், மாப்பிள்ளையின் குடத்தைக் கேட்ட விலைக்குப் பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார் என்றும் கொஞ்ச நாளில் பஜாரெல்லாம் பேச்சு. மாப்பிள்ளையே பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று சொன்னாராம். அது மரப்பெட்டிக் காசை விற்ற பணம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த தடவை அவர் என் கடை வாசலுக்கு வந்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன், அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இது என் தங்கச்சி காதுக்கு உன் வாயால போவக் கூடாது" என்றார். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

நகை திரும்பியது. கூடவே தங்கையும் வந்தாள், அண்ணனைக் கேள்வி கேட்க. மண்டியில் ஆட்கள் இருந்தார்கள், அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"மூணாம் மனுஷன் நல்ல காசுன்னு வந்து வாங்கினு போறான். நீ வேணாம்னியே, இன்னாத்துக்கு? எங்க கைய வுட்டுப் போவட்டும், அப்பறம் நீ வாங்கிக்கலாம்னு தானே? கூடப் பொறந்தவகிட்டயே மண்டி வியாபாரம் பண்ணுவியாண்ணா?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லு மனுஷா என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"வெயில்ல வந்திருக்கற. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்றார் அவர்.

அவள் குடிக்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு வரிசையை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார்கள். கரும்பு ஏற்றிய ஆட்டோ அப்படியே செஞ்சிக்குத் திரும்பி வந்தது. புடவையை யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் தைத்த ஜாக்கெட் மட்டும் என் கடையில் தங்கிவிட்டது. இன்னொருத்தி அளவுக்கு அதைப் பிரித்துத் தைக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் அவர் துணியோடு வந்தார். "வாங்கலன்னாலும் எடுத்துகினு போவணும் இல்ல?" என்றார். போனார், திரும்பினார், அந்த ஜாக்கெட்டும் என்னிடமே வந்தது. அந்த மாசியிலேயே, மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தங்கை வந்தாள். அழுதாள். அழுகையில் பாதி கோபம் இருந்தது என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து ஒரு காலையில் அவள் என் கடைக்குள் வந்தாள். வெளியே மாப்பிள்ளை பைக்கில் உட்கார்ந்தபடி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் நீலக் காடா பை.

"அக்கா, இது உங்க தையல் தானே? அண்ணன் பீரோல இருந்துது."

"ஆமா."

கொட்டிக் காட்டினாள். மேஜை நிறைய வெள்ளிக் காசு. "எங்க காசுக்கா. நாங்க வித்த அதே காசு. ஆளு வச்சி அவரே வாங்கியிருக்காரு. எங்க வீட்டுக்காரரு அன்னிக்கே சொன்னாரு, நான்கூட அந்த அளவுக்குப் போவமாட்டாருன்னு நெனச்சேன். கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனேக்கா. என்னாண்ட கேக்கறதுக்கு அவருக்கு இன்னா?"

வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அளவு ஸ்கேலை எடுத்து மேஜையில் வைத்தேன். காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே முகம் மேலே வருகிற மாதிரி, தலை ஒரே பக்கம் இருக்கிற மாதிரி, ஸ்கேலை ஒட்டி வரிசையாக அடுக்கினேன். ஒரு வரிசை முடிந்ததும் அதன் கீழே இன்னொரு வரிசை. ஜன்னல் வெயில் மேஜைமேல் விழுந்தது. அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள், பைத்தியமா இவளுக்கு என்கிற மாதிரி. அப்புறம் காசைப் பார்த்தாள்.

அவள் விரல் முதல் காசின் தோள்மேல் இருந்த வெட்டில் நின்றது. அடுத்ததற்குப் போனது. அதற்கடுத்தது. வரிசை முழுக்கப் போய், இரண்டாவது வரிசையில் பாதியில் நின்றுவிட்டது.

"எல்லாம் ஒரே எடத்துல இருக்குது."

நான் ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

"பழைய காசு எப்டிக்கா எல்லாம் ஒரே மாரி..."

அதை அவள் முடிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பறம் இன்னாத்துக்குக்கா வாங்கனாரு? தெரிஞ்சி தெரிஞ்சி, அவ்ளோ காச குடுத்து..."

கேட்டுக்கொண்டே இருந்தவளின் கை, தானாகக் கழுத்துக்குப் போனது. ரெட்டைவடச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுத சத்தம் வெளியே கேட்காமலிருக்க நான் மிஷினில் உட்கார்ந்து வெறும் துணியை ஓட்டினேன். என் கண்ணும் தளும்பியது. இவர்கள் வீட்டில் யாருக்காவது ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருந்தால், அந்த மனுஷன் தங்கை கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டாவது போயிருப்பார்.

பைக் ஹாரன் இரண்டு முறை அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காசுகளை அள்ளிப் பையில் போட்டாள். இரண்டு பொங்கலாக என்னிடமே கிடந்த அந்த ஜாக்கெட்டுகளை எடுத்துப் பை மேல் வைத்தேன். எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

வாசலில் மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னா சொன்னாங்க? அவங்க தச்சது தானே? நான் தான் சொன்னனே, உங்கண்ணன் சரியான ஆளு. வுடு, நம்ம காசு நம்மகிட்டயே வந்துடுச்சி. அந்த புதுச்சேரிக்காரன் நம்பர் என்னாண்ட இருக்குது. இன்னும் நல்ல வெலைக்கி தள்ளிடலாம்."

இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் மிஷினிலிருந்து எழுந்தேன். பஜாரில் அத்தனை பேர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல், அவள் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். அவள் புருஷனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேணாங்க" என்றாள். "எங்க அண்ணன் வச்சிருந்தது. நானே பத்திரமா வச்சிக்கிறேன்."